பாட்டி கையில உள்ள பச்சைய என் கையில குத்திக்கலாம்னு இருக்கேன், வீட்டுல ஒரே சண்டை. கருத்து சொல்லுங்க

சிப்புட்_பொண்ணு

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல நம்ம பேராக் பக்கம், சுங்கை சிப்புட், ஈப்போ, கோல கங்சார்ல உள்ளவங்க இருந்தா கண்டிப்பா பதில் போடுங்க, தோட்டத்துல வளந்தவங்களுக்குத்தான் இது முழுசா புரியும்.

என் பாட்டிக்கு தொண்ணூறு வயசு கிட்ட ஆகுது. ஊர்ல கல்யாணம் முடிஞ்சு 1950கள்ல ரஜூலா கப்பல்ல பினாங்குல வந்து இறங்குனவங்க. அவங்க வலது முன்கை பூரா பச்சை. மேல ஒரு கோலம், புள்ளிங்கள சுத்தி சுத்தி ஒரே கோடு வளைஞ்சு வளைஞ்சு போவும், ஆரம்பம் எது முடிவு எதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அது கீழ ஒரு தேள். அதுக்கும் கீழ தாத்தா பேரு, அதுல ஒரு எழுத்து தலைகீழா இருக்கும், குத்துன அம்மாவுக்கு எழுத்து தெரியாதுன்னு பாட்டி சொல்வாங்க. இன்னைக்கு வரைக்கும் பாட்டி தாத்தா பேர வாயால சொன்னது இல்ல, கிளினிக்ல புருசன் பேரு என்னான்னு நர்ஸ் கேட்டா கைய நீட்டி காட்டுவாங்க.

அந்த கோலத்தையும் தேளையும் அப்படியே என் கையில போட்டுக்கணும்னு எனக்கு ஆசை. சும்மா ஒரு வேகத்துல வந்தது இல்ல, வேலைக்கு சேந்ததுல இருந்தே மனசுல இருக்கு. பாமாயில் எடுக்குற செம்பனை மில் ஆபீஸ்ல கிராணி (கிளார்க்) வேலை, அங்க ஒண்ணும் பிரச்சனை இல்ல, நீட்டு கை சட்டை போட்டா போதும்னுட்டாங்க. வீட்டுலதான் அப்பா ஒத்துக்கவே மாட்டேங்குறாரு. பொம்பள புள்ள கையில டாட்டு இருந்தா கேங் வீட்டு புள்ளன்னு பேசுவாங்க, பாக்க வர்றவங்க எந்திரிச்சு போயிடுவாங்கன்னு கத்துறாரு. அவரு கத்தும்போது பாட்டி அதே ஹால்ல கைய மடியில வச்சு உக்காந்திருக்காங்க. பாட்டி கையில இருந்தா லட்சணம், பேத்தி கையில வந்தா மானக்கேடு, இது என்ன கணக்குன்னு எனக்கு விளங்கல.

கித்தாகாட்டு_முத்து

வணக்கம் மா. எனக்கு உங்கப்பா வயசுதான் இருக்கும், அதனால அவர் பக்கத்த நான் சொல்றேன், கோவப்படாம படி.

நாங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, வளந்தவங்க. எங்க காலத்துல கிழவிங்க கையில பச்சை இல்லாத வீடே கிடையாது, நெத்தியில ஒரு புள்ளி, தாடையில மூணு புள்ளி, யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அப்பறம் கித்தா (ரப்பர்) மரத்த வெட்டி செம்பனை போட்டாங்க, செம்பனைக்கு அவ்ளோ ஆளு தேவை இல்ல, சில தோட்டத்த வீடமைப்புக்காரனுக்கு வித்துட்டாங்க, லயத்த இடிச்சு சனங்கள ஃப்ளாட்டுக்கு அனுப்புனாங்க. தோட்டத்துல இருந்தவரைக்கும் ஒரு பையன் தப்பு பண்ணா வேலைய மேய்க்கிற மண்டோர்ல இருந்து கோயில் தலைவர் வரைக்கும் காத திருகுவாங்க. ஃப்ளாட்டுல யாரு யாரையும் கேக்குறது இல்ல. அந்த நேரத்துலதான் பையனுங்க நம்பர பேரா வச்சிருக்க கேங்குக்கு பின்னால போனது, அந்த நம்பர நெஞ்சுல குத்துனது, முதுகுல டிராகன் போட்டது. 2013ல உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல் பேர வெளியிட்டுச்சே, ஓப்ஸ் சந்தாஸ்னு போலீஸ் வேட்டை நடந்துச்சே, ஞாபகம் இருக்கும். அந்த டைம்ல எங்க ஃப்ளாட் கீழ பையனுங்கள வரிசையா உக்கார வச்சு சட்டைய கழட்ட சொல்லி பாத்தாங்க. ஒண்ணும் பண்ணாதவனுக்கும் அதே கதிதான்.

உங்கப்பாவுக்கு பச்சைன்னா பாட்டி ஞாபகம் வராது மா, அந்த வரிசைதான் கண்ணுல வரும். போலீஸ், ஆர்மிக்கு மனு போட்டாலும் மெடிக்கல்ல உடம்ப பாப்பாங்க, விமானத்துல வேலைன்னா வெளிய தெரியுற இடத்துல இருக்கக் கூடாது. உனக்கு இப்ப கிராணி வேலை, நாளைக்கு வேற எங்கயாச்சும் போகணும்னு தோணுச்சுன்னா?

வேல்_மயில்_88

அங்கள் மேல மரியாதையோட ஒண்ணு கேக்குறேன். தைப்பூசத்துக்கு கல்லுமலை கோயிலுக்கு போனா கன்னத்துல வேல் குத்தி, முதுகுல கொக்கி மாட்டி இழுத்துக்கிட்டு போறவங்கள நாமளே கை எடுத்து கும்பிடுறோம். ஒடம்புல ஊசி ஏறுறது நம்ம சனத்துக்கு புதுசா என்ன? அங்க போனா பக்தி, இங்க வந்தா ரவுடித்தனமா?

கித்தாகாட்டு_முத்து

தம்பி ரெண்டும் ஒண்ணு இல்ல. அலகு நேர்த்திக்கடன், விரதம் இருந்து குத்துறது, மலை ஏறி முடிஞ்ச உடனே எடுத்துட்டு திருநீறு வச்சா ரெண்டு நாள்ல தழும்பு கூட தெரியாது. இது எரிக்கிற வரைக்கும் கூட வரும். அதத்தான் யோசிக்க சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல.

கூச்சிங்_வாத்தியார்

நான் பேராக் ஆளுதான், சரவாக்ல பள்ளிக்கூடத்துல வேலை. இங்க வந்த பிறகு டாட்டு பத்தி என் எண்ணமே மாறிடுச்சு.

இங்க உள்ள பூர்வகுடி இபான் சனத்துல ஆம்பளைங்க ரெண்டு தோள்பட்டையிலயும் முன்பக்கமா ஒரு பூ இருக்கும் பாத்திருப்பீங்க, புங்ஙாய் தெருங், கத்திரிப்பூ. நடுவுல ஒரு சுருள் இருக்கும், அத தாலி ஞாவான்னு சொல்றாங்க, உயிர்க்கயிறு. பையன் வயசுக்கு வந்து ஊர விட்டு வெளிய சம்பாதிக்க, உலகம் பாக்க கிளம்புறதுக்கு முன்னாடி போடுற முதல் டாட்டு அது. தோள்ல போடுறதுக்கு காரணம் இனிமே பாரத்த நீதான் தூக்கணும்னு. போற இடத்துல எல்லாம் ஒண்ணு ஒண்ணா சேத்துக்குவாங்க, உடம்ப பாத்தே ஆளு எங்கெங்க போய் வந்தவன்னு தெரிஞ்சுக்கலாம். கை விரல்ல போடுறது தெகுலுன், அந்த காலத்துல தலை எடுத்தவனுக்கு மட்டும்தான். காயான் சனங்கள்ல பொம்பளைங்களுக்குத்தான் கையிலயும் கால்லயும் ரொம்ப நுணுக்கமா இருக்கும், குத்துறவங்களும் பொம்பளைங்கதான்.

நம்ம ஊர்லயும் அப்படித்தானே, குறத்தி அம்மாங்கதான் வீடு வீடா வந்து குத்துனாங்க. பொம்பள கையால பொம்பளைக்கு குத்துன ஒரு வேலை நம்ம பக்கத்துல எப்படி ஆம்பள ரவுடி அடையாளமா மாறிப்போச்சுன்னு நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு. இங்க இளம் பசங்க தாத்தா தோள்ல இருந்தத பாத்து பெருமையா திரும்ப போட்டுக்குறாங்க. சிப்புட் தங்கச்சி கேக்குறது அதே விசயம்தான், நான் முழுசா ஆதரிக்கிறேன்.

மல்லி_ரவாங்

எல்லாரும் அர்த்தம் அர்த்தம்னு பேசுறீங்க, நான் வேற ஒண்ணு சொல்றேன். என் கணுக்கால்ல ஒரு சின்ன மல்லிப்பூ இருக்கு. அது எந்த பாட்டிக்கும் இல்ல, எந்த சாமிக்கும் இல்ல, எனக்கு பிடிச்சுது போட்டேன், இன்னைக்கும் பாக்கும்போது சந்தோசமா இருக்கு. நம்ம பொண்ணுங்க முடி வெட்டுனாலும் காரணம் சொல்லணும், சட்டை போட்டாலும் காரணம் சொல்லணும், ஒடம்புல ஒரு கோடு போட்டா வம்ச வரலாறே சொல்லணும். தங்கச்சி, உன் காரணம் ரொம்ப நல்ல காரணம், ஆனா காரணம் இல்லன்னாலும் உன் கை உன் கைதான்.

ஸ்டாப்_நர்ஸ்_ஜெயா

அர்த்தம் உங்க விருப்பம், ஊசி பத்தி நான் பேசணும், ஏன்னா இதுல அடிபட்டு வர்றவங்கள நான் பாக்குறேன்.

ஊசி மேல் தோல தாண்டி உள் தோல்ல, ஒரு மில்லிமீட்டர்ல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துல மைய வைக்கிது. உடம்பு அத கெட்ட சாமான்னு நெனச்சு மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை செல்ல அனுப்பும், அது மைய முழுங்கிட்டு அங்கேயே தங்கிடும். அது செத்தா மை வெளிய வரும், பக்கத்துல உள்ள புது செல் திரும்ப முழுங்கும், 2018ல பிரான்ஸ்ல எலிய வச்சு இத காட்டுனாங்க. அதனாலதான் பாட்டி கையில எழுபது வருசம் கழிச்சும் இருக்கு.

ஆழம்னா ரத்தம் வரும், ரத்தம்னா ஹெப்பாடைட்டிஸ் பி, சி, எச்ஐவி எல்லாத்துக்கும் வழி இருக்கு. பி கிருமி வெளிய காஞ்ச ரத்தத்துல கூட ஏழு நாள் வரைக்கும் இருக்கும். நம்ம நாட்டுல 1989ல இருந்து பிறந்த புள்ளைங்களுக்கு பி தடுப்பூசி போடுறாங்க, அதுக்கு முன்னாடி பிறந்தவங்க போட்டிருக்காங்களான்னு செக் பண்ணிக்கோங்க. சி-க்கு தடுப்பூசியே கிடையாது. மருந்து இருக்கு, 2017ல அரசாங்கமே உரிமம் குடுத்து சோஃபோஸ்புவிர மலிவா கொண்டு வந்துச்சு, ஆனா வந்துருக்குன்னே தெரியாம வருசக்கணக்கா ஈரல் கெட்டுப்போனவங்கதான் ஜாஸ்தி.

அதனால பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தையில) ஐம்பது வெள்ளிக்கு குத்துறேன்னு ஒருத்தன் உக்காந்தா அந்த பக்கமே போகாதீங்க. ஆன்லைன்ல மெசின் வாங்கி ஃப்ளாட்டுல கூட்டாளிங்களுக்கு குத்துற பையனுங்க, ஒரே ஊசி, ஒரே மை கிண்ணம், நாலு பேரு. இத நான் கெஞ்சி கேட்டுக்குறேன், புள்ளைங்கள வச்சிருக்கவங்க சொல்லி வைங்க. ஊசி பேக்கெட்ட உங்க கண்ணு முன்னால பிரிக்கணும், மைய சின்ன மூடியில தனியா ஊத்தணும், மிச்சத்த கொட்டணும். ரத்த தானம் குடுக்குற பழக்கம் இருந்தா குத்துன பிறகு கொஞ்ச மாசம் தள்ளி போடுவாங்க, மறைக்காம சொல்லுங்க.

தோட்டத்து_அம்மா

என் மவளும் கேட்டா, முதல்ல கறுப்பு மருதாணி வச்சு ஒரு மாசம் பாருன்னு சொல்லிட்டேன். அது பரவாயில்லதான?

ஸ்டாப்_நர்ஸ்_ஜெயா

அக்கா வேணாம்! சாதா மருதாணி சிவப்பு இல்ல பழுப்பாத்தான் பிடிக்கும். கறுப்பா உடனே பிடிக்குதுன்னா அதுல தலைமுடி சாயத்துல போடுற பிபிடி கெமிக்கல் கலந்திருப்பாங்க. தோல் கொப்பளிச்சு அந்த டிசைன் அச்சுலயே தழும்பு நின்னுடும், அப்பறம் வாழ்நாள் பூரா தலைக்கு டை போட முடியாம போகலாம். ஊர் மருதாணி இலைய அரைச்சு வச்சு பாக்க சொல்லுங்க.

ஊசிக்காரன்_ஈப்போ

இந்த இழைய கூட்டாளி ஒருத்தன் அனுப்புனான். நான் ஈப்போல கடை வச்சிருக்கேன், தமிழன்தான். ஜெயா அக்கா சொன்னது எல்லாமே சரி, எந்த கடையிலயும் ஊசிய முன்னால பிரிக்க சொல்லி கேளுங்க, கேட்டதுக்கு மூஞ்சிய காட்டுனா எந்திரிச்சு வந்துடுங்க.

எங்க மெசின் எல்லாம் 1891ல நியூயார்க்ல சாமுவேல் ஓரைலி பேட்டன்ட் வாங்குனதுல இருந்து வந்த வழி, எடிசனோட மின்சார பேனாவ மாத்தி செஞ்சது. நம்ம குறத்தி அம்மாங்க அதெல்லாம் இல்லாம ஒண்ணா சேத்து கட்டுன சில ஊசிய மட்டும் வச்சு போட்டாங்க. மை செய்யுற முறைய எட்கர் தர்ஸ்டன்னு மெட்ராஸ் மியூசியத்துல இருந்த வெள்ளைக்காரர் 1900களோட ஆரம்பத்துல எழுதி வச்சிருக்காரு. அகத்தி இலையையும் மஞ்சப்பொடியையும் சேத்து அரைச்சு, துணியில வச்சு திரியா சுருட்டி, ஆமணக்கு எண்ணெய் விளக்குல எரிக்கிறது, மேல ஒரு புது சட்டிய கவுத்து வச்சா கரி படியும், அந்த கரிய சுரண்டி தண்ணியில இல்லனா தாய்ப்பால்ல குழைக்கிறது. நல்ல சுத்தமான கரி. நம்ம கறுப்பு தோல்ல கரியத் தவிர வேற எதுவும் அவ்ளோ நிக்காது, அத அந்த அம்மாங்க அப்பவே தெரிஞ்சு வச்சிருக்காங்க. வெள்ளை மை, மஞ்ச மை போட சொல்லி வர்றவங்கள நான் திருப்பி அனுப்பிடுறேன், ஆறுன பிறகு தோல் நிறம் மேல வந்து அத மூடிடும்.

இன்னொன்னு, நம்மள மாதிரி தோலுக்கு கெலாய்டு தழும்பு வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. காது குத்துன இடத்துல கட்டி மாதிரி யாருக்காச்சும் உங்க வீட்டுல வந்திருக்கா? உங்க கையில பிசிஜி (காசநோய் தடுப்பு) ஊசி தழும்பு தடிப்பா இருக்கா? இருந்தா முதல்ல தோல் டாக்டர பாருங்க. சில பேரு தோல் கறுப்பா இருக்குன்னு ஊசிய இன்னும் அழுத்துவாங்க, அது ரொம்ப தப்பு, கோடு உள்ள பரவிடும், தழும்பு ஏறிடும்.

சிப்புட் தங்கச்சி, பாட்டி கைய போட்டோ எடுத்து அனுப்புனா அது போதாது. வயசான தோலு தொங்கி இருக்கும், கோலம் கோணலா தெரியும். பாட்டி கைய தலகாணி மேல வச்சு, தோல லேசா இழுத்து பிடிச்சு, மேல ட்ரேசிங் பேப்பர் வச்சு மார்க்கர்ல வரைஞ்சுட்டு வாங்க. புள்ளிங்கள முதல்ல வைங்க, கோட்ட அப்பறம் போடுங்க. அந்த மாதிரி கோலம் நம்ம நாட்டுல கிழவிங்க கையிலதான் மிச்சம் இருக்கு, ஒவ்வொருத்தரா போயிட்டு இருக்காங்க, நீங்க குத்தலன்னா கூட அந்த பேப்பர பத்திரமா வைங்க, இது என் வேண்டுகோள்.

வேல்_மயில்_88

லேசர்ல எடுத்துடலாம்னு நெனச்சு போடுறவங்களுக்கும் ஒண்ணு. என் பெரியப்பா மவன் கழுத்துல நம்பர் இருந்துச்சு, பதினேழு வயசுல கூட்டாளிங்க போட்டு விட்டது. இப்ப லோரி ஓட்டுறான், ரெண்டு புள்ளைங்க, எந்த வம்புக்கும் போறதில்ல. ரோட் ப்ளோக்ல நிறுத்துனா முதல்ல கழுத்தத்தான் பாப்பாங்க. எடுக்கலாம்னு போனா ஒரு தடவையில போகாது, பல தடவை வரணும், நடுவுல வாரக்கணக்கா ஆற விடணும், செலவ கேட்டு திரும்பி வந்துட்டான்.

ஸ்டாப்_நர்ஸ்_ஜெயா

ஆமா, லேசர் மைய உடைக்கத்தான் செய்யும், உடைஞ்சத உடம்புதான் கொஞ்சம் கொஞ்சமா அள்ளிட்டு போகணும். நம்ம தோலுக்கு 1064 நானோமீட்டர் லேசர்தான் ஓரளவு பாதுகாப்பு, மத்தது தோல் நிறத்தையே அடிச்சு வெள்ளைத் திட்டு விட்டுடும். அழகு நிலையத்துல பண்ணாதீங்க, தோல் டாக்டர்கிட்ட போங்க. கறுப்பு மை ஓரளவு போகும், பச்சை, நீலம் எல்லாம் ரொம்ப படுத்தும்.

கித்தாகாட்டு_முத்து

இந்த தம்பி சொன்ன கழுத்து நம்பர்தான் என் பயம். அந்த பையனுக்காக யாரு பேசுனா? டாட்டு போடுறது உரிமைன்னு பேசுற நாம அவன ரோட்டுல நிறுத்தும்போது எங்க இருக்கோம்? 2019 கடைசில கேஎல்ல டாட்டு எக்ஸ்போ நடந்து அரைகுறை உடை படம் வெளிய வந்து அமைச்சரே கண்டிச்சாரு, நாடே ஒரு வாரம் உடைய பத்தி பேசுச்சு. நம்ம பையனுங்க தோல பாத்து நிறுத்துறத பத்தி யாரும் பேசல.

கூச்சிங்_வாத்தியார்

அங்கள் சொல்றது ரொம்ப முக்கியம். ஆனா அதுக்கு பதில் பொண்ணுங்க ஆசைய அடக்குறது இல்லையே. கையில கோலம் போட்ட கிராணி, நர்ஸ், டீச்சர்னு நாலு பேர ஊர் பாத்தாத்தான் மை இருந்தாலே கேங்னு நெனக்கிறது மாறும்.

சிப்புட்_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணா படிச்சேன். முத்து அங்கள், நீங்க எழுதுனத அப்பாவுக்கு படிச்சு காட்டுனேன், ஒண்ணும் பேசல, ஆனா முதல் தடவையா கத்தல. அவரும் அந்த மாதிரி ஒரு ஃப்ளாட்டுல இருந்தவர்தான், அந்த வரிசைய அவரும் பாத்திருக்காராம், இத்தனை வருசத்துல எங்ககிட்ட சொன்னதே இல்ல.

ஞாயித்துக்கிழமை பாட்டி கைய ட்ரேஸ் பண்ணேன். எதுக்குடி இதுன்னு கேட்டாங்க, எனக்கும் இதே மாதிரி குத்திக்க போறேன்னு சொன்னேன். வலிக்கும்டி, எனக்கு நாலு பேரு பிடிச்சுக்கிட்டாங்க, குத்துன அம்மா பாட்டு பாடிக்கிட்டே குத்துச்சு, அழுதா பாட்ட நிறுத்தி திட்டுச்சு, முடிஞ்சதும் மஞ்ச தடவி ஒரு படி கம்பு வாங்கிட்டு போச்சுன்னாங்க. அப்பறம் அவங்களே விரல வச்சு கோடு எந்த பக்கம் போவும்னு காட்டுனாங்க, சில இடத்துல கோடு அழிஞ்சு போயிருக்கு, எனக்கு தெரியல, அவங்க விரலுக்கு தெரியுது.

இப்ப ரெண்டு கேள்வி. அழிஞ்ச இடத்துல கோட்ட சேத்து முழுசா போடணுமா, இல்ல இப்ப இருக்கற மாதிரியே விட்டுட்டு போடணுமா? இன்னொன்னு, என் தங்கச்சி தாத்தா பேரையும் அந்த தலைகீழ் எழுத்தோட போடுங்குறா.

மல்லி_ரவாங்

தலைகீழ் எழுத்து கண்டிப்பா வேணும்! அதுலதான் உயிரே இருக்கு.

தோட்டத்து_அம்மா

எழுத்த திருத்தி நேரா போடுங்க மா, தப்போட எதுக்கு.

ஊசிக்காரன்_ஈப்போ

கோலத்துக்கு பாட்டி விரல் காட்டுன வழியில முழுசா போடலாம், அந்த கோலம் மூடியிருக்கணும், நடுவுல விட்டா கோலம் இல்ல. கோடு ரொம்ப மெல்லிசா கேக்காதீங்க, வருசம் போக மை கொஞ்சம் விரியும், புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டாத்தான் பாட்டி வயசுலயும் கோலமா தெரியும். பேரு விசயத்துல நான் எதுவும் சொல்ல மாட்டேன், அது குடும்ப விசயம்.

சிப்புட்_பொண்ணு

பேரு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். தாத்தா பேரு பாட்டியோடது, அவங்க வாயால சொல்லாதத கையில வச்சிருந்தாங்க, அத நான் எடுத்துக்க கூடாதுன்னு தோணுது. கோலமும் தேளும் போதும். காது குத்துன இடம் எல்லாம் நல்லாத்தான் ஆறிச்சு, கெலாய்டு எங்க வீட்டுல யாருக்கும் இல்ல, இருந்தாலும் கிளினிக்ல கேட்டுட்டு வர்றேன்.

கித்தாகாட்டு_முத்து

சரி மா. எனக்கு இன்னும் முழு மனசு இல்ல, அத மறைக்கல. ஆனா இவ்ளோ விசாரிச்சு செய்யுற புள்ளைய தடுக்க எனக்கு வாய் வரல. ஒண்ணே ஒண்ணு, குத்திட்டு வந்து கைய மறைச்சுக்கிட்டு வீட்டுல திரியாத. போறதுக்கு முன்னாடி தேதிய அப்பாகிட்ட நீயே சொல்லு, கோயில்ல வேற யாராச்சும் சொல்லி அவர் கேக்குற மாதிரி வச்சுக்காத.

சிப்புட்_பொண்ணு

கண்டிப்பா அங்கள், இந்த வாரமே சொல்லிடுறேன். ஊசிக்காரன் அண்ணே, தைப்பூசத்துக்கு அப்பறம் சனிக்கிழமை ஏதாச்சும் காலியா இருக்கா? பாட்டியையும் கூட்டிட்டு வருவேன், கடைக்கு படிக்கட்டு ஏறணுமா?

ஊசிக்காரன்_ஈப்போ

கடை கீழ் மாடிதான், சக்கர நாற்காலி வந்தாலும் உள்ள போவும். சனி காலையில ஒன்பது மணிக்கு எடுத்து வைக்கிறேன், சாப்டுட்டு வாங்க, வெறும் வயித்துல உக்காராதீங்க.